பெட்டியின் நிறம்

ஒரு பொருளின் நிறத்தைப் பற்றி நல்லது, கெட்டது என்ற பாஷையில் பேச முடியுமா என்பது கேள்வி. கேள்வியைக் கிளப்பியவன் நானல்ல. கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர், என் மேஜைக்கு மேல் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா பொம்மை?" என்றார். 1964-இல் இத்தாலியில் வெளியான ஆல்கோல் என்ற டெலிவிஷன் பெட்டியின் படம் அது. பொம்மை என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "ஆபாசம்" என்றார். ஆபாசம் என்பது ரசனை சம்பந்தமான சொல்லைப் போல உலவினாலும் உண்மையில் ஒழுக்கத்தைச் சேர்ந்த சொல். பிடிக்கவில்லை என்று சொல்ல விரும்பாதவர்கள், தகாது என்று சொல்லத் தேர்ந்துகொள்ளும் சொல். நம் விமர்சனத்தில் இந்த மாதிரிச் சொற்கள் எத்தனை என்று ஒருநாள் கணக்கெடுக்க வேண்டும்.

படத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு அங்குலத் திரை. அது மற்றப் பெட்டிகளில் போல நேராக நிற்பதில்லை, மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தரையில் வைத்தால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை நிமிர்ந்து பார்க்கும். எஜமானனைப் பார்க்கும் நாய்க்குட்டி என்று அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான மார்கோ ஸானுஸோ சொன்னதாகச் சொல்வார்கள். மற்றவர் ரிச்சர்ட் ஸாப்பர், ம்யூனிக்கில் பிறந்து மிலானுக்கு வந்த ஜெர்மானியர். மூலைகள் மழுங்கி வளைந்தவை. தூக்கிப்போக உலோகக் கைப்பிடி. பாட்டரியிலும் ஓடும். நிறம், சிவப்புக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்ட ஆரஞ்சு. வெள்ளையிலும் உண்டு, ஆனால் யாரும் நினைவில் வைத்திருப்பது ஆரஞ்சைத்தான். ஆல்கோல் என்பது பெர்ஸியஸ் மண்டலத்து நட்சத்திரம் ஒன்றின் பெயர். ஏறத்தாழ மூன்று நாளுக்கொருமுறை மங்கிப் பிரகாசிப்பது. அரபியில் அதற்குப் பூதத்தின் தலை என்று அர்த்தம். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அப்படிப் பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

தயாரித்த கம்பெனி பிரியோன்வேகா. 1945-இல், யுத்தம் முடிந்த கையோடு, ஜுஸெப்பே பிரியோனும் அவர் மனைவி ஓனோரினாவும் ஓர் எஞ்ஜினியரோடு சேர்ந்து மிலானில் ஆரம்பித்த ரேடியோக் கம்பெனிதான் பிறகு இந்தப் பெயருக்கு வந்தது. ஸானுஸோவும் ஸாப்பரும் இவர்களுக்குச் செய்த இன்னொரு சாமான் டிஎஸ் 502 என்ற ரேடியோ. இரண்டு கனசதுரங்களைக் கீல் வைத்து இணைத்தது. மூடினால் ஒரு வர்ணப் பெட்டி, எதற்கென்றே தெரியாது. திறந்தால் ஒரு பாதியில் ஒலிபெருக்கி, மறு பாதியில் திருகுகள். காஸ்டிலியோனி சகோதரர்கள் 1965-இல் செய்து கொடுத்த ஆர்ஆர் 126 என்ற ரேடியோகிராமுக்குக் குமிழ்களும் டயல்களும் சேர்ந்து ஒரு மனித முகமே இருக்கிறது. அதன் ஒலிபெருக்கிகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளலாம், மேலே தூக்கியும் வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் மலிவான சாமான்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். தொழிலாளி வீட்டில் ஆரஞ்சுப் பெட்டி மின்னியது என்று நான் கதைகட்டப் போவதில்லை.

ஆனால் இந்தப் பெட்டியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வெளியே ஆரஞ்சு, உள்ளே கறுப்பு வெள்ளை. 1964-இல் இது இயல்பு, ஐரோப்பாவிலேயே வர்ண ஒளிபரப்பு இல்லை. 1967-இல் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அடுத்தடுத்து வர்ணத்துக்கு மாறின. இத்தாலி மாறவில்லை. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸின்போது பரீட்சார்த்தமாகக் கொஞ்சம் காட்டினார்கள், அவ்வளவுதான். முறைப்படி வர்ணம் வந்தது 1977 பிப்ரவரியில். பத்து வருஷ தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் கொஞ்சம் உண்டு, ஜெர்மன் முறையா பிரெஞ்சு முறையா என்ற இழுபறி. முக்கியமான காரணம் தார்மீகமானது. குடியரசுக் கட்சியின் தலைவர் ஊகோ லா மால்ஃபா அதை எதிர்த்தார். பொருளாதாரம் பணவீக்கத்தில் தத்தளிக்கையில் வர்ண டெலிவிஷன் தேவையற்ற நுகர்வைத் தூண்டிவிடும் என்பது அவர் வாதம். லா மால்ஃபா போலி அல்ல. பாசிசத்தை எதிர்த்து நின்றவர், பேராசைக்காரர் என்று எதிரிகளும் சொல்லாத மனிதர். எண்ணெய் நெருக்கடியில் 1973 டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடைவிதித்த நாட்டில் அவர் பேச்சுக்கு எடை இருந்தது. ஆக, உலகத்திலேயே அழகான வர்ணப் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்த தேசத்தில், பெட்டிக்குள் வர்ணம் வருவது மட்டும் ஒழுக்கக்கேடு என்று தடுக்கப்பட்டிருந்தது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? வடக்கே இருந்தவர்கள் ஆண்டெனாவை ஸ்விட்ஜர்லாந்துப் பக்கம் திருப்பினார்கள். கிழக்கே இருந்தவர்களுக்கு எல்லைக்கு அப்பால் யூகோஸ்லாவியாவின் கோப்பர் நகரத்திலிருந்து இத்தாலிய மொழியிலேயே வர்ண ஒளிபரப்பு கிடைத்தது. முதலாளித்துவ நாடு சிக்கனம் பேச, கம்யூனிஸ்ட் நாடு வர்ணம் அனுப்பிக்கொண்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்தது. 1982-இல் ரூபவாஹினி தொடங்கியதும் எங்கள் கரையோர ஊர்களில் மொட்டைமாடிக்கு மேல் இரும்புக் குழாய் நட்டு இலங்கையைப் பிடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். சென்னை தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டது, ஆனால் எங்கள் ஊருக்கு அது எட்டவில்லை. அதே 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டையொட்டி இந்தியாவில் வர்ணம் வந்தபோது, ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்ற குரல் இங்கேயும் எழுந்தது. லா மால்ஃபா எல்லா ஊரிலும் இருக்கிறார்.

என்னிடமும் இருக்கிறார். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் மேஜை என்னுடையது. விண்ணப்பத்தில் கடன் எதற்கு என்று ஒரு இடம் உண்டு. பெரும்பாலும் நானே மருத்துவம் அல்லது கல்வி என்று எழுதிவிடுவேன்; யாரும் சரிபார்ப்பதில்லை. சென்ற வருஷம் ஓர் அம்மாள் தோடும் ஒரு சின்னச் சங்கிலியும் கொண்டுவந்தார். எதற்கம்மா என்றேன். வீட்டுக்குப் பாட்டுப் பெட்டி வாங்க என்றார். இப்போது கடைகளில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, பாட்டுக்குத் தகுந்தபடி சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடும் ஒலிபெருக்கி, அது. "பாட்டுப் பெட்டிக்கா நகையை வைக்கிறீங்க?" என்று கேட்டேன். கேட்கவேண்டிய கேள்வியல்ல அது. எந்த விதிமுறையிலும் இல்லை. என் குரலில் அக்கறை இருந்தது என்று அன்று சாயங்காலம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, கோபமில்லாமல், "வட்டி நான்தானே சார் கட்டப்போறேன்" என்றார். பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரித்தார். நான் தராசைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் மருத்துவச் செலவு என்று பொய் சொல்லியிருந்தால் நான் மரியாதையாக நடந்துகொண்டிருப்பேன். துக்கத்துக்குக் கடன் வாங்குகிறவனை உலகம் மதிக்கிறது, சந்தோஷத்துக்குக் கடன் வாங்குகிறவனை விசாரிக்கிறது. அதிலும் சந்தோஷம் சிவப்பும் நீலமுமாக இருந்துவிட்டால் விசாரணை இன்னும் கடுமையாகிறது. அதே அம்மாள் தேக்குமரத்தில் ஒரு அலமாரி வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? மாட்டேன். பழுப்பு நிறத்துக்கு நம் சமூகத்தில் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறது.

இந்தச் சான்றிதழைக் கொஞ்சம் பரிசோதிக்க வேண்டும். நண்பரின் ஆபாசம் என்ற சொல்லுக்குள் இருக்கும் குற்றச்சாட்டு, வர்ணம் என்பது மேற்பூச்சு, மேற்பூச்சு என்பது பொய் என்பது. ஆனால் பொருளின் ஸ்தூலமான சமாச்சாரம் என்ன? ஆல்கோல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தது. அதன் நிறம் பூசியதல்ல. குருணையாக இருக்கும்போதே நிறத்தைக் கலந்து, உருக்கி, அச்சுக்குள் செலுத்துகிறார்கள். உடைத்துப் பாருங்கள், உள்ளேயும் ஆரஞ்சு. அந்தப் பொருளுக்கு அதுதான் சதை. மறுபுறம், கௌரவமான மரப்பெட்டி டெலிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் மரம் என்பது காகிதத்தைப் போல மெல்லிய வினீர். அடியில் பிளைவுட், அல்லது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அதைவிட முக்கியம், அது தன்னை டெலிவிஷன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. நாலு கால் வைத்துக்கொண்டு, இழுத்து மூடும் ஷட்டர் வைத்துக்கொண்டு, நான் ஒரு பீரோதான் என்று கூடத்தில் நிற்கிறது. என் தாத்தா வீட்டுப் பெட்டிக்குப் பூட்டே இருந்தது. எனக்கு விவரம் தெரிவதற்குள் அது செத்துவிட்டது. ஷட்டரைத் திறந்தால் உள்ளே குழாயை எடுத்துவிட்ட காலி இடத்தில் பஞ்சாங்கமும் மின்சார ரசீதுகளும் இருக்கும். தன் ஆயுள் முழுக்க பீரோவாக நடித்தது, கடைசியில் பீரோவாகவே ஆகிவிட்டது. இதில் பொய் எது, மெய் எது?

நேர்மை என்ற வாதத்தை இன்னும் தீவிரமாகச் சொன்னவர்கள் ஜெர்மனியின் பிரவுன் கம்பெனிக்காரர்கள். 1956-இல் ஹன்ஸ் குகலோட்டும் டீட்டர் ராம்ஸும் செய்த எஸ்கே 4 ரேடியோகிராமைப் பழித்தவர்கள் ஸ்நோ ஒயிட்டின் சவப்பெட்டி என்றார்கள். வெள்ளை உலோகம், இரு பக்கமும் மரப்பலகை, மேலே ஒளி ஊடுருவும் மூடி. நல்ல வடிவமைப்பு நேர்மையானது என்பது ராம்ஸ் பின்னால் வகுத்த பத்து விதிகளில் ஒன்று. அவருடைய பொருள்கள் எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் வெண்மையும் சாம்பலும் நேர்மை, ஆரஞ்சு நேர்மையின்மை என்று எப்படி ஆனது? ரேடியோவின் உள்ளுறுப்புகளுக்கு வெள்ளை இயற்கையான நிறமா? வெள்ளையும் தேர்ந்தெடுத்த நிறம்தான். தேர்ந்தெடுக்காதது போலத் தோன்றும்படி தேர்ந்தெடுத்த நிறம். நம் கவிதையிலும் இப்படி ஒன்று நடந்தது. அலங்காரத்தை விட்டொழித்த வறட்டு மொழிதான் உண்மையின் மொழி என்று நம்பி, அந்த வறட்சியையே ஓர் அலங்காரமாக வளர்த்தோம். இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். என்னையும் சேர்த்துத்தான்.

இதுவரை எனக்குச் சுலபம். கஷ்டமான எதிராளி லா மால்ஃபாவும் அல்ல, ராம்ஸும் அல்ல, பஸோலினி. 1973 முதல் கொலையுண்ட 1975 வரை அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளில் டெலிவிஷன் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு, சிக்கனக்காரரின் வெறுப்பு அல்ல. பாசிசம் இருபது வருஷம் முயன்றும் சாதிக்க முடியாத ஒருமையை நுகர்வுக் கலாச்சாரம் சில வருஷங்களில் சாதித்துவிட்டது, அதன் கை டெலிவிஷன் என்பது அவர் கட்சி. வட்டார வழக்குகள் செத்தன, குடியானவன் தன் வாழ்க்கையைப் பார்த்துத் தானே கூச ஆரம்பித்தான். 1975 பிப்ரவரியில் மின்மினிப் பூச்சிகள் மறைந்துபோனதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காற்றும் நீரும் மாசுபட்டதில் அறுபதுகளின் தொடக்கத்தில் அவை காணாமல் போயின என்று. ஆல்கோல் பிறந்த சமயம்தான் அது. ஒரு வெளிச்சம் போக, இன்னொரு வெளிச்சம் வந்தது.

பஸோலினிக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் கோபம் பெட்டி வழியாக வந்ததன் மேல், பெட்டியின் மேல் அல்ல என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்க மாட்டேன். பெட்டி அழகாக இருந்ததால்தான் அது படுக்கையறை வரை போனது. கைப்பிடி வைத்ததே அதற்குத்தான். தூண்டில் முள்ளில் குத்திய புழுவுக்கும் நிறம் உண்டு. 1972-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எமிலியோ அம்பாஸ் அமைத்த இத்தாலிய வடிவமைப்புக் கண்காட்சியில் இந்த முரண்பாடு கண்ணுக்கெதிரே இருந்தது. ஒரு பக்கம் பளபளக்கும் இத்தாலியச் சாமான்களின் வரிசை. இன்னொரு பக்கம் ஃப்ளாரன்ஸ் நகரத்து ஸூப்பர்ஸ்டூடியோ என்ற குழு, பொருள்களே இல்லாத வாழ்க்கையைக் கற்பனை செய்து காட்டியது. அந்த இளைஞர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொருள்களற்ற வாழ்க்கையைப் பற்றி, பொருள்கள் இருக்கிறவர்கள் பேசும்போது எனக்கு நகைக்கடன் மேஜை ஞாபகத்துக்கு வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லலாம். புழுவின் நிறத்தைப் பற்றிய புகார் நியாயமென்றால், இன்றைய தூண்டிலைப் பாருங்கள். ஸானுஸோவும் ஸாப்பரும் 1969-இல் பிரியோன்வேகாவுக்கே இன்னொரு டெலிவிஷன் செய்தார்கள். பெயர் ப்ளாக். கருங் கனசதுரம், அணைத்திருக்கும்போது திரை எங்கே என்றே தெரியாது, போட்டால்தான் கறுப்புக்குள்ளிருந்து படம் கிளம்பும். ஆரஞ்சு நாய்க்குட்டியைச் செய்த அதே கைகள் ஐந்தே வருஷத்தில் இதற்கு வந்து சேர்ந்தன. ஜெயித்தது இதுதான். இன்று டெலிவிஷன் கடைக்குள் நுழைந்தால் சுவர் சுவராகக் கறுப்புப் பலகைகள். எல்லா வர்ணமும் உள்ளே போய்விட்டது, வெளியே ஒன்றுமில்லை. 1964-இன் நேர் எதிர். ஆல்கோல் அணைந்திருந்தாலும் அறையில் ஒரு ஆரஞ்சுப் பொருளாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க உங்களுக்கு உரிமை இருந்தது, பார்த்தால் அது அங்கே ஒரு பெட்டியாக இருந்தது. இன்றையப் பலகை அணைந்தால் சுவரில் ஒரு ஓட்டை. அதற்குத் தனக்கென்று ஒரு இருப்பே இல்லை, உள்ளே ஓடுவதைத் தவிர. பஸோலினி அஞ்சியது எதுவோ, அது அடக்கமான உடை உடுத்திக்கொண்டுதான் வந்து சேர்ந்தது. நண்பர் வீட்டுச் சுவரிலும் கறுப்புப் பலகைதான் இருக்கிறது. அதை அவர் ஆபாசம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

பழைய வர்ணப் பெட்டிகளுக்கு இப்போது வந்திருக்கும் மவுசைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேவிட் போவி என்ற பாடகரிடம் இருந்த ஆர்ஆர் 126, அவர் இறந்த வருஷமான 2016-இன் நவம்பரில் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஏலக்காரர்கள் எதிர்பார்த்தது 800-லிருந்து 1,200 பவுண்டு. போனது 2,57,000 பவுண்டு. சந்தோஷமாக இருந்த பொருள் சொத்தாக மாறிவிட்டது. இனி யாரும் அதை ஆபாசம் என்று சொல்லமாட்டார்கள். நகை எடைபோடுகிறவனுக்கு இதில் ஆச்சரியம் கிடையாது. பிரியோன்வேகாவின் பழைய வடிவங்களைப் புதிய உறுப்புகள் வைத்து மறுபடி விற்கிறார்கள், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெள்ளை ஏபிஎஸ் பெட்டிகள் வெயில் பட்டு மஞ்சளாகிப்போகின்றன என்ற தகவலில்தான் எனக்கு அதிக ஆர்வம். நடுநிலையாக இருக்க விரும்பிய வெள்ளைதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

ஜுஸெப்பே பிரியோன் 1968-இல் இறந்தார். ஓனோரினா அவருக்காக, அவர் பிறந்த ஸான் வீட்டோ தால்டீவொலே கிராமத்தில் ஒரு கல்லறை கட்ட கார்லோ ஸ்கார்ப்பா என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தினார். 1978 வரை வேலை நடந்தது. அந்த வருஷம்தான் ஸ்கார்ப்பா ஜப்பானில் இறந்தார். அவரையும் அந்தக் கல்லறையின் ஓர் ஓரத்தில்தான் புதைத்தார்கள். எங்கும் சாம்பல் நிறக் கான்கிரீட். மழையில் கறுத்தும் பாசி படர்ந்தும் இருக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு கல்பேழைகள், ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தபடி, ஒரு வளைவுக்கு அடியில். ஆல்கோலின் திரை சாய்ந்த மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது, எழுதக் கூடாது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒன்றோடொன்று கோத்த இரண்டு வட்டத் திறப்புகள். அவற்றின் விளிம்பில் மட்டும் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருக்கிறது, ஒன்றில் இளஞ்சிவப்பு, மற்றதில் நீலம். அத்தனை சாம்பலுக்கு நடுவே கண் அங்கேதான் போகும்.

நண்பரிடம் அந்தப் படத்தையும் காட்டினேன். ரேடியோ விற்றவன் செத்த பிறகும் விளம்பரமா என்றார். அந்த வட்டங்களை யாரும் விற்பனைக்கு வைக்கவில்லையே என்றேன். மனைவி கட்டச் சொன்னாள், பணம் அவளுடையது. அவர் பதில் சொல்லவில்லை. பேச்சு அவருடைய தொகுப்பின் அட்டைப் பக்கம் திரும்பியது; வெறும் வெள்ளையாக இருந்தால் போதும் என்றார்.